நிழலுக்குப் பிறகே களிம்பு

பங்குனி பிறந்தால் போதும், நம் சாலையோரங்களில் நுங்கும் தர்பூசணியும் வந்து குவிந்துவிடும். கட்சிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு நீர்மோர்ப் பந்தல் திறப்பார்கள். பத்திரிகைகள் இளநீரின் பெருமையை எழுதும். இவை அத்தனையும் நல்லவை. வியர்வையாகப் போன நீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பித் தருபவை. ஆனால் வெயில் நம் தோலுக்குச் செய்யும் கெடுதலை இவற்றில் ஒன்றுகூடத் தடுக்காது. வெயிலில் வெப்பமும் இருக்கிறது, ஒளியும் இருக்கிறது. வேர்க்குருவும் மயக்கமும் வெப்பத்தின் வேலை. தோல் கருகுவது, கன்னத்தில் திட்டு விழுவது, வயதுக்கு முந்திச் சுருங்குவது, சிலருக்குப் புற்றாக முற்றுவது ஆகியவை ஒளியின் வேலை. அதிலும் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களுடையது. வெப்பத்தைச் சமாளிக்கத் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு நம்மிடம் உண்டு. ஒளியைச் சமாளிக்கும் பொறுப்பை மட்டும் அழகுசாதன விளம்பரங்களிடம் ஒப்படைத்துவிட்டோம். அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். தோலைக் காப்பதில் நேரம், நிழல், துணி ஆகிய மூன்றுக்கும் முதலிடம். களிம்புக்குக் கடைசி இடம். இந்த வரிசையை ஒப்புக்கொண்டால், வெயில் பாதுகாப்பு என்பது காசுள்ளவர் கடையில் வாங்கும் பொருளாக நின்றுவிடாமல், ஊர் கூடிச் செய்ய வேண்டிய ஏற்பாடாகிவிடும்.

முதலில் அந்தக் கதிர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தரையை எட்டும் புற ஊதாக் கதிர்கள் இரண்டு வகை. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது பி வகை. 315 முதல் 400 வரை ஏ வகை. நம்மை வந்தடைவதில் ஏறக்குறைய 95 சதவீதம் ஏ வகைதான். பி வகை தோலின் மேலடுக்கைச் சுடும்; அங்குள்ள செல்களின் டிஎன்ஏவில் அடுத்தடுத்து நிற்கும் தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஏ வகை இன்னும் ஆழத்துக்குப் போய், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கும். ஒட்டிப்போன இடத்தை வெட்டியெடுத்துச் சரிசெய்யும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று விளக்கியதற்காகத்தான் துருக்கியில் பிறந்த அஜீஸ் சன்ஜார் 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அந்தப் பழுதுபார்ப்பு நூற்றுக்கு நூறு நடப்பதில்லை. தவறிப்போன பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. இருபது வயதில் பட்ட வெயிலின் விளைவு ஐம்பது வயதில் தெரிவதற்கு இதுவே காரணம். சூரியக் கதிர் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே வகைப்படுத்திவிட்டது.

இந்தக் கதிரை நம் உடம்பு உணர்வதில்லை. சூட்டை உணர்கிறோம், அதை வைத்தே வெயிலை அளக்கிறோம். அங்கேதான் தவறு நேர்கிறது. ஊட்டியில் குளிர்காற்று வீசுகிறது, ஆகவே வெயில் சாது என்று நினைக்கிறோம். உண்மையில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகிறது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் அது சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அக்னி நட்சத்திரக் கணக்கும் இப்படித்தான். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்குவது வெப்பத்தின் உச்சத்துக்கு ஏறக்குறையச் சரியான குறிப்பு. கதிரோ சூரியன் நிற்கும் உயரத்தைப் பின்பற்றுவது. சூரியன் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில். சென்னைக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். தெற்கே திரும்பும் வழியில் ஆகஸ்ட் பிற்பாதியில் மறுபடி நம் தலைக்கு மேல் வருகிறது. கத்திரி பிறக்கும் முன்பே கதிர் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆடி மாதம் காற்றோடு போன பிறகும் அது தணிவதில்லை. நிழலைப் பார்த்தே இதை அளந்துவிடலாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். சென்னையில் மார்கழி நண்பகலிலும் நிழல் ஆள் உயரத்தைவிடக் குட்டைதான்.

கண்ணாடிக்குப் பின்னால் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே ஏமாற்றம் உண்டு. சாதாரணக் கண்ணாடி பி வகையைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரு படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் முகம் அது. அவருடைய வலக் கன்னம் வயதுக்கேற்றபடி இருக்கிறது. ஜன்னல் பக்கம் இருந்த இடக் கன்னத்தில் தோல் தடித்து, ஆழமான பள்ளங்களும் மடிப்புகளுமாக, இன்னும் இருபது வயது கூடியவரின் முகம்போல் தொங்குகிறது. ஒரே மனிதர், ஒரே உணவு, ஒரே பரம்பரை. வேறுபட்டது கண்ணாடி வழியே விழுந்த ஒளி மட்டும். நம் ஊர் பேருந்து ஓட்டுநருக்கு ஜன்னல் வலப்பக்கம் இருப்பதால் அங்கே பாதிக்கப்படுவது வலக் கன்னமும் வலக் கையும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, "இதெல்லாம் வெள்ளைக்காரர் கவலை, நம் கறுப்புத் தோலுக்கு வெயில் பழகியது" என்பது. இதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் துகள்கள் செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்ததுபோல் குவிந்து டிஎன்ஏவைக் காக்கின்றன. இந்தியாவில் தோல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். மெலனின் எவ்வளவு பெரிய வரம் என்பதை, பிறவியிலேயே அது இல்லாத ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நிலை காட்டுகிறது: அதே ஊரில், அதே வெயிலில் வளரும் அவர்களில் பலருக்கு இளம் வயதிலேயே தோல் புற்று வந்துவிடுகிறது. ஆனால் வரத்துக்கும் எல்லை உண்டு. 1979-ல் அமெரிக்காவில் தோலின் மேலடுக்கை எடுத்து அளந்தார்கள். வெள்ளைத் தோல் ஏ வகைக் கதிரில் 55 சதவீதத்தை உள்ளே விட்டது. கறுப்புத் தோல் சுமார் 17 சதவீதத்தை விட்டது. அந்த 17 சதவீதம், நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்பவருக்கு ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் சிறிதல்ல. நம்மில் பெரும்பாலோரின் மாநிறம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

நமக்கு வரும் சேதத்தின் உருவமும் வேறு. வெள்ளைத் தோல் சிவந்து உரியும். நம் தோல் கறுத்துத் திட்டாகும். கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு இதில் முக்கியமானது. கர்ப்பகாலமும் ஹார்மோன் மாற்றமும் அதற்கு வித்திடலாம். ஊதி வளர்ப்பது ஒளி. 2010-ல் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் நடந்த ஆய்வு ஒரு புதிய செய்தியைச் சொன்னது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் கறுத்த, மாநிறத் தோல்களில் நெடுநாள் நிற்கும் கருமையை உண்டாக்குகிறது; வெள்ளைத் தோலில் அப்படி நடக்கவில்லை. ஆகவே வெயில் விஷயத்தில் நமக்குச் சில தொல்லைகள் குறைவு, சில தொல்லைகள் கூடுதல் என்பதே சரியான கணக்கு. தோலோடு கண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; கண்புரைக்கு வித்திடும் காரணங்களில் புற ஊதாக் கதிரும் ஒன்று, அங்கே தோல் நிறம் காப்பாற்றாது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடங்களில் மெலனின் காப்பே இல்லை. லூபஸ் நோயாளிகளுக்கும், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் மற்றவர் தாங்கும் வெயிலே அதிகம்.

கறுப்பது கெடுதலா என்று இங்கே ஒரு கேள்வி எழும். நிறத்தில் குறை ஏதும் இல்லை. பிறவி நிறம் நமக்குக் காப்பு. வெயில் பட்டுப் புதிதாக ஏறும் கருமை, செல் அடிபட்டதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை. இந்த இரண்டையும் குழப்பியதில்தான் சந்தை லாபம் பார்த்தது. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கிக்கொள்ள 2020 வரை ஆயிற்று. இடைப்பட்ட 45 ஆண்டுகளில் வெயிலில் போகாதே என்ற அறிவுரை நம் பெண்களுக்கு 'கறுத்துவிடுவாய்' என்ற மிரட்டலாகவே போய்ச் சேர்ந்தது. அதனால் ஆண்கள் இதைத் தமக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக ஒதுக்கினார்கள். நிறவெறியை எதிர்ப்பவர்களும் சன்ஸ்கிரீனைச் சிவப்பழகுக் களிம்போடு சேர்த்தே வெறுத்தார்கள். இன்னும் மோசம், ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். மங்குக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மூன்று மருந்துக் கலவையை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் பூசியவர்கள் ஏராளம். தோல் மெலிந்து, சிவந்து, லேசான வெயிலையும் தாங்காமல் எரியும் நிலைக்கு அவர்கள் வந்தார்கள். தோல் மருத்துவர்கள் போராடிய பிறகு 2018-ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலுக்கு மாற்றியது. வீட்டு வைத்தியமும் எல்லா நேரமும் சாதுவல்ல. கருமை போக எலுமிச்சைச் சாறு தடவி அப்படியே வெயிலில் போனால், அச்சாற்றிலுள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் ஏ வகைக் கதிரோடு சேர்ந்து தோலைக் கொப்புளிக்கவைக்கும். போக்க நினைத்ததைவிடப் பெரிய கறை மாதக்கணக்கில் நிற்கும்.

அப்படியானால் எதை நம்புவது? சன்ஸ்கிரீன் வேலை செய்யும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அதை மறைத்து என் வாதத்தை நான் நடத்தக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற ஊர் உண்டு. 1992 முதல் நாலரை ஆண்டுகள் அங்கே 1,621 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைத் தலை, கழுத்து, கைகளில் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் செய்தார்கள். மற்றவர்களை அவரவர் வழக்கப்படி விட்டார்கள். தினமும் பூசியவர்களிடம் செதில்செல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. ஆய்வு முடிந்து பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, உயிர் குடிக்கும் மெலனோமா வழக்கப்படி விட்ட பக்கம் 22 பேருக்கு, பூசிய பக்கம் 11 பேருக்கு வந்திருந்தது. தோல் முதிர்ச்சியும் 24 சதவீதம் குறைவு. கவனிக்க வேண்டியது, அவர்கள் பூசியது எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் 15 உள்ள சாதாரணக் களிம்பு. எண் பெரிதாகப் பெரிதாகப் பயன் அதே விகிதத்தில் கூடுவதில்லை: 15 என்பது பி வகையில் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்பது 97, 50 என்பது 98. வேலை செய்தது தினசரி ஒழுங்குதான். அந்த மக்கள் வெள்ளையர்கள் என்பதால் புற்று பற்றிய அந்த விகிதங்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. தினசரிப் பாதுகாப்பு பலன் தரும் என்ற முடிவைப் பொருத்தலாம்.

ஆனால் அந்தப் பலன் யாருக்குக் கிட்டும்? ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் அளக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள்; நடைமுறையில் மக்கள் பூசுவது அதில் காலோ அரையோதான். சரியான அளவில் உடம்பு முழுக்கப் பூச ஒரு முறைக்கு 30 கிராம் வேண்டும். களையெடுக்கப் போகும் ஒருவருக்கு முகம், கழுத்து, இரண்டு கைகள் மட்டும் என்று வைத்துக்கொண்டாலும் 8 கிராம் ஆகும். வியர்வையில் கரைவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும்; எட்டு மணி நேர வேலைக்கு நான்கு முறை, ஆக 32 கிராம். சில நூறு ரூபாய் விலையுள்ள 50 கிராம் குழாய் இரண்டாம் நாள் மாலைக்குள் தீர்ந்துவிடும். அலுவலகம் போகிறவர் முகத்துக்கும் கழுத்துக்கும் பூசிக்கொள்ள இது நல்ல பொருள். ஏ வகையையும் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். வெயிலில் உழைக்கும் பெரும்பான்மைக்கு இதையே தீர்வாகச் சொல்வது கேலி.

நிழலும் துணியும் இந்தக் கணக்கில் எங்கோ மேலே நிற்கின்றன. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2013-ல் சாதாரணக் கைக்குடைகளைச் சோதித்தபோது எல்லாக் குடைகளுமே முக்கால் பங்குக்கு மேல் புற ஊதாக் கதிரைத் தடுத்தன. கறுப்புக் குடைகள் 90 சதவீதத்துக்குக் குறையவில்லை. மங்கை வளர்க்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் குடை தடுக்கும். வெள்ளையாக உள்ள பெரும்பாலான களிம்புகள் தடுப்பதில்லை. குடை கரையாது, இரண்டு மணிக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டாம். துணியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கோடைக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தி என்பது வெப்பத்துக்குச் சரி. கதிருக்கு அது பலவீனமான காப்பு, வியர்வையில் நனைந்தால் இன்னும் பலவீனம். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒளி அதிகம் ஊடுருவாத, நெருக்கமான நெசவுள்ள தொளதொளத்த முழுக்கைச் சட்டையே பொருத்தம். இதை யாரும் நம் வயற்காட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவில்லை. நடவிலும் களையெடுப்பிலும் அவர்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி அதன் ஓரத்தைக் கழுத்துப் பக்கம் தொங்கவிடுகிறார்கள். தூத்துக்குடி உப்பளங்களிலும் இதே உடைதான். அங்கே வெள்ளைப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் ஒளி தெறிப்பதால் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். எந்த நிறுவனத்தின் விளம்பரமும் இல்லாமல் உழைக்கும் மக்கள் கண்டடைந்த பாதுகாப்பு வரிசை, அறிவியல் சொல்லும் வரிசையோடு ஒத்துப்போகிறது.

அடுத்த மறுப்பு வைட்டமின் டி. வெயிலை மறைத்தால் எலும்பு என்னாவது? நியாயமான கேள்வி; இவ்வளவு வெயில் உள்ள இந்தியாவில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பது உண்மை. ஆனால் அந்தக் குறைபாட்டுக்குச் சன்ஸ்கிரீன் காரணம் என்றால், அதைத் தொடாத கோடிக்கணக்கானவர்களுக்கு அது வந்திருக்கக் கூடாது. நாளெல்லாம் கட்டடத்துக்குள் இருப்பதும், உணவில் அது குறைவாக இருப்பதும், கருந்தோலில் அது உற்பத்தியாகக் கூடுதல் நேரம் பிடிப்பதும் முக்கியக் காரணங்கள். வைட்டமின் டி பி வகைக் கதிரால் உண்டாவது. கண்ணாடி அதை நிறுத்திவிடுவதால் ஜன்னலோரத்தில் உட்காருபவர் சேதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பயனை இழக்கிறார். பலர் பரிந்துரைக்கும் அதிகாலை இளவெயிலிலும் பி வகை மிகக் குறைவு. இன்னொன்று, தோலில் அந்த உற்பத்திக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் உடம்பு உபரியைப் பயனற்ற பொருள்களாக மாற்றிவிடும். ஆகவே கை கால்களில் சிறிது நேரம் படும் வெயில் உதவும். மணிக்கணக்கில் காய்வது கூடுதலாக எதையும் தராது. குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் தரும் மாத்திரை மலிவானது, அளவும் திட்டமானது. சன்ஸ்கிரீனிலுள்ள ரசாயனம் ரத்தத்தில் கலக்கிறதே என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. அமெரிக்க ஆய்வுகளில் சில வடிகட்டிப் பொருள்கள் ரத்தத்தில் தென்பட்டது மெய். தென்பட்டதாலேயே தீங்கு என்று ஆகாது, பயன்படுத்துவதை நிறுத்த வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொன்னது. அப்படியும் தயங்குபவர்களுக்குத் துத்தநாக ஆக்சைடு களிம்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிழலில் ரசாயனம் இல்லை.

கடைசி மறுப்பே கடினமானது. "உச்சி வெயிலில் வெளியே போகாதே என்று சொல்வது எளிது, போகாவிட்டால் அடுப்பு எரியாதே?" கட்டடத் தொழிலாளி, சாலைப் பணியாளர், உணவு கொண்டுவரும் இளைஞர், போக்குவரத்துக் காவலர் ஆகியோர் தம் நேரத்துக்குத் தாமே எசமானர்கள் அல்லர். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு இதன் கனத்தைக் காட்டுகிறது. உலகில் 160 கோடிப் பேர் வெயிலில் வேலை செய்கிறார்கள். மெலனோமா அல்லாத தோல் புற்றால் நிகழும் சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு வெயிலில் வேலை பார்ப்பதே காரணம். இவர்களிடம் அறிவுரை சொல்லிப் பயனில்லை; வேலை நேரத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்ல வேண்டும். முடியாத காரியமா என்றால், நம்மவர்கள் லட்சக்கணக்கில் உழைக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அங்கே கட்டடங்கள் எழாமல் போய்விடவில்லை. ஆஸ்திரேலியா 1981-ல் தொடங்கிய பிரசாரத்தில் சட்டையை முதலில் சொன்னது, களிம்பை அதன்பின் சொன்னது. பிறகு நிழல் தேடுவதையும் கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்தது. தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானம் இல்லை என்று அங்குள்ள பள்ளிகள் விதி வைத்தன. அந்தக் காலத்தில் வளர்ந்த தலைமுறையில் மெலனோமா குறையத் தொடங்கியிருக்கிறது.

நம்மிடமும் தொடக்கம் இருக்கிறது. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், பணியிடத்தில் குடிநீரோடு குழந்தைகளுக்கு நிழலும் ஓய்வு நேரமும் வேண்டும் என்று சொன்னது. இவற்றோடு ஒளியையும் சேர்த்து யோசித்தால் தனிச் செலவு அதிகம் ஆகாது. ஏனென்றால் மோர் வெப்பத்துக்கு மட்டும் உதவும், களிம்பு ஒளிக்கு மட்டும் உதவும். இரண்டையும் ஒருசேரத் தடுப்பது நிழல் ஒன்றுதான். ஆனால் அந்த நிழலைத்தான் நாம் அழித்துக்கொண்டிருக்கிறோம். நாற்கரச் சாலைக்காக வெட்டப்பட்ட சாலையோரப் புளியமரங்களுக்கு ஈடாக அரளிச் செடி வைக்கிறோம். பேருந்து நிறுத்தத்துக்குக் குறுகலான தகரக் கூரை போடுகிறோம். பிற்பகல் மூன்று மணிக்கு அதன் நிழல் பின்பக்கச் சுவரைத் தாண்டி எங்கோ விழ, பயணிகள் கூரைக்கு அடியிலேயே வெயிலில் நிற்கிறார்கள். நிழலில் நின்றாலும் வானிலிருந்து சிதறும் கதிர் பக்கவாட்டில் வரும் என்பதால் கூரை அகலமாகவும் மரம் அடர்த்தியாகவும் இருந்தால்தான் பயன் முழுதாகக் கிடைக்கும். இது பொறியாளர் வரைபடத்தில் தீர வேண்டிய விஷயம்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது சுருக்கமானது: பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே வேலையைக் குறையுங்கள், முடியாவிட்டால் குடை பிடியுங்கள், ஆண்களும்தான், முழுக்கைச் சட்டை போடுங்கள், மிச்சம் திறந்திருக்கும் இடத்துக்குக் களிம்பு பூசுங்கள். ஊரில் செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது, அதற்குத் தேதியும் குறித்திருக்கிறது. உழைப்பாளர் தினமான மே 1 அன்று தமிழகம் எங்கும் கிராமசபை கூடும். கத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அமையும் அந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள். ஊராட்சி வேலைகள் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடிய வேண்டும். பேருந்து நிறுத்தக் கூரைகள் பிற்பகல் வெயிலைக் கணக்கிட்டு அகலப்பட வேண்டும். பள்ளி மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வேம்பும் புங்கையும் நட்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். களிம்பை அவரவர் வாங்கிக்கொள்ளலாம். நிழலை ஊராட்சி நிதியில்தான் வாங்க முடியும், அதைக் கேட்கும் உரிமை அந்தச் சபையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.